நெஞ்சின் சூடு எத்தனை டிகிரி

கொண்டப்பநாயக்கன்பட்டி,
12.7.2024

தமிழ்ச்செல்விக்கு,

கோபமாக இருப்பவளிடம் நலமா என்று விசாரித்தால் வம்புதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வார்டுக்குள் போன் கூடாது என்று உன் போனை லாக்கரில் வைத்துவிட்டார்களாம். வெளியே வரும்போதுகூட நீ அதைத் தொடுவதில்லை என்று உன் தங்கை சரிதா சொல்கிறாள். சரி, அவள் தினமும் உனக்குச் சோறு கொண்டுவரும் பையிலேயே இதை வைத்து அனுப்புகிறேன். ரசத்தில் நனையாமல் வந்து சேர்ந்தால் படி.

முந்தாநாள் நான் வார்டு வாசலில் கத்தியது தப்பு. கத்தியது மட்டும்தான் தப்பு. ஏழரை மாதத்தில் பிறந்த குழந்தை, ஆயிரத்து நானூறு கிராம்கூட இல்லை. அதை மெஷினிலிருந்து வெளியே எடுத்து, துணியில்லாமல் உன் நெஞ்சின்மேல் போட்டுக் கட்டப்போகிறேன் என்று ஒரு நர்ஸ் சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்க நான் என்ன ஒன்றும் தெரியாதவனா? இருபது வருடமாகக் குஞ்சு பொரிக்கும் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவன். எங்கள் ஹேச்சரியில் ஒரு மெஷினுக்கு அறுபதாயிரம் முட்டை. முப்பத்தேழரை டிகிரி. கால் டிகிரி இறங்கினாலும் அலாரம் அடிக்கும், சாப்பிட்ட கையோடு ஓடுவேன். வெளியாள் யாரும் குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் உள்ளே கால் வைக்க முடியாது. கோழிக்குஞ்சுக்கே இவ்வளவு. ஆறு வருடம் காத்திருந்து பிறந்தவளுக்கு ஒரு பட்டைத்துணியா?

"உன்ற ஒடம்பென்ன மெஷினா?" என்று நான் கேட்டது உனக்குக் குத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ "இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றாய். நான் கேட்டது சந்தேகம், செல்வி. இப்போதும் அதே சந்தேகம்தான். உன் நெஞ்சின் சூடு எத்தனை டிகிரி? அதை யார் அளக்கிறார்கள்? கரண்ட் போனால் மெஷினுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, நீ அசந்து தூங்கிப்போனால் என்ன இருக்கிறது? உனக்கு வியர்த்தால் அவளுக்கு என்ன ஆகும்? இதற்கெல்லாம் பதில் வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

எடை எவ்வளவு என்று மட்டுமாவது எழுது.

குருமூர்த்தி


கங்காரு வார்டு,
13.7.2024

மாமாவுக்கு,

கடிதம் நனையவில்லை. நனைந்திருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

என் உடம்பு மெஷின் இல்லை என்று எனக்கும் தெரியும். ஏழரை மாதம் அவள் இருந்த இடம் அது. மிச்ச நாளுக்கு அவளை வைத்துக்கொள்ள அதற்கு முடியவில்லை. நீங்கள் அதைத்தான் சொல்லிக் காட்டுகிறீர்கள் என்று அன்றைக்கு என் காதில் விழுந்தது. அதனால்தான் வராதீர்கள் என்றேன். நீங்கள் கேட்டது வெறும் டிகிரிதான் என்று கடிதத்தைப் பார்த்தபிறகு புரிகிறது. புரிந்தாலும் கோபம் குறையவில்லை.

கேட்டதற்குப் பதில். சாய்வான நாற்காலி, முன்பக்கம் திறக்கிற கவுன். அவளுக்குத் தொப்பி, சாக்ஸ், ஒரு நாப்கின், அவ்வளவுதான். தவளை உட்காருவதுபோலக் காலை மடக்கி, இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல மேலே பட்டை கட்டுகிறார்கள். பட்டை நழுவிக்கொண்டே இருந்தது. எட்டு வருடம் நைட்டி தைத்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சரிதாவிடம் பனியன் துணி வாங்கிவரச் சொல்லி, அளவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தூங்கினால் என்ன என்றால், தூங்கலாம். அதற்குத்தான் நாற்காலி சாய்ந்திருக்கிறது, சிஸ்டரும் சுற்றி வந்துகொண்டே இருக்கிறார்.

இப்போது டிகிரிக்கு வருகிறேன். வசந்தாமணி சிஸ்டர், நீங்கள் கத்தினீர்களே அவர்தான், திருச்செங்கோட்டுக்காரர். அவர் சொன்னார்: "புள்ளைக்குக் குளுந்தா தாய் நெஞ்சு தானாச் சூடேறுமுங்க. புள்ளைக்குச் சூடு மிஞ்சுனா இது தணிஞ்சுக்கும்." நான் நம்பவில்லை. உங்களோடு ஆறு வருடம் இருந்த தோஷம், தெர்மாமீட்டர் கேட்டேன். எடை பார்த்துத் திரும்பக் கொண்டுவந்தபோது அவள் அக்குளில் முப்பத்தாறு புள்ளி இரண்டு. கட்டிய அரை மணியில் முப்பத்தாறு புள்ளி எட்டு. என் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தேன். அவள் வரும் முன்பு இருந்ததைவிட அரை டிகிரிக்குமேல் ஏறியிருந்தது. அவள் சூடானபிறகு கொஞ்சம் இறங்கியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் சரிதாவின் மாமியாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் யார் எந்தப் பட்டனை அழுத்தினார்கள்? இருபது வருட அனுபவத்துக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

நேற்று 1,340. இன்று 1,355. பிறந்தபோது 1,390 இருந்து இறங்கியது, இப்போது ஏறுகிறது. அப்பாக்கள் உள்ளே வரலாம் என்கிறார்கள், பகல் பதினோரு மணிக்கு. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

தமிழ்ச்செல்வி


கொண்டப்பநாயக்கன்பட்டி,
14.7.2024

செல்விக்கு,

பதினைந்து கிராமா! ஒரே நாளிலா! உன் கடிதத்தை பஸ்ஸில் நாமக்கல் ஹேச்சரிக்குப் போகும்வரை மூன்று தடவை படித்தேன். பக்கத்து சீட்காரர் ஏதோ விசேஷமா என்று கேட்டார். விசேஷம்தான் என்றேன்.

எங்கள் மெஷினில் சூடு காட்டும் கண் ஒரு இடத்தில், சூடாக்கும் கம்பி ஒரு இடத்தில், இரண்டுக்கும் நடுவில் கட்டளை போடும் ஒரு போர்டு. போர்டு கெட்டால் எல்லாம் கெட்டது. நீ சொல்வதில் போர்டு எங்கே இருக்கிறது? உன்னிடமா, அவளிடமா, இரண்டு பேருக்கும் நடுவிலா? மேனேஜர் தீனதயாளனிடம் கேட்டேன். "அதெல்லாம் ஆண்டவன் போட்ட வயரிங், ஏனுங்க நமக்கு" என்றார். எனக்கு அது போதவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. ஹேச்சரித் தெர்மாமீட்டரை நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, ஒன்றே கால் கிலோ அரிசியைப் பையில் கட்டி மேலே வைத்து ஒரு மணி நேரம் படுத்தேன். சூடு கொஞ்சம்கூட ஏறவில்லை. அரிசிக்கும் எனக்கும் ஒட்டுறவு இல்லை போலிருக்கிறது. பாதியில் சரிதா உள்ளே வந்துவிட்டாள். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், உன்னிடமும் சொல்வாள்.

நாளை திங்கட்கிழமை, லீவு போட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு வருகிறேன். அந்த சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுகிறேன்.

குருமூர்த்தி


கங்காரு வார்டு,
16.7.2024

மாமாவுக்கு,

நேற்று நீங்கள் வந்துபோனதைப் பற்றி இங்கே பதினோரு அம்மாக்களும் பேசி முடித்துவிட்டார்கள். இனி நான் பேசலாம்.

சுத்தமாக வரவேண்டும் என்று ஹேச்சரி மருந்துத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தீர்களே, அந்த வாடை உங்களுக்கு முன்னால் வார்டுக்குள் வந்தது. இரண்டு பேருக்குத் தும்மல். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, கோழிப்பண்ணைக்குப் போற மாதிரி வந்திருக்கீங்க? போயி சாதா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். நீங்களும் மறுபேச்சில்லாமல் போய்க் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தீர்கள். அதைப் பார்த்தபோது என் கோபம் முக்கால்வாசி போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் புரியவில்லை. "சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க, அப்பாவும் போட்டுக்கலாமுங்க" என்று சிஸ்டர் திரையை இழுத்து நாற்காலியைக் காட்டினார். நீங்கள் முதல் பட்டனில் கை வைத்தீர்கள். நான் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனீர்களாம். லீவு போட்ட நாளில் என்ன பஸ்?

வெட்கம் என்றால் திரை இருந்தது. பயம் என்றால் நான் பக்கத்தில் இருந்தேன். டிகிரியில் சந்தேகம் என்றால் அதுவும் தீர்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தேன் மாமா. பதின்மூன்று நாள் ஆகிறது. நீங்கள் அவளை ஒரு தடவைகூடத் தொடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதுகூட மெஷினில் ஓடும் எண்ணைத்தான் பார்ப்பீர்கள். நேற்று அவள் முகம் உங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது, நீங்கள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஏன் என்று எழுதுங்கள். பெண் குழந்தை என்பதாலா? அப்படியென்றால் அதையும் எழுதிவிடுங்கள், தெரிந்துகொள்கிறேன். இன்று 1,380.

தமிழ்ச்செல்வி


கொண்டப்பநாயக்கன்பட்டி,
17.7.2024

செல்விக்கு,

பெண் என்பதால் இல்லை. சத்தியமாக இல்லை. இதை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

என் வேலை மெஷினோடு முடிவதில்லை. குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் தரம் பிரிப்பதும் நான்தான். அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டேன், நீயும் கேட்டதில்லை. மேசையில் குஞ்சுகளைக் கொட்டுவார்கள். ஒரு குஞ்சுக்கு ஒரு விநாடி. தொப்புள் மூடியிருக்கிறதா, காலில் நிற்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா. நல்லது பெட்டிக்கு. தேறாதது ஓரத்தில் இருக்கும் கூடைக்கு. கூடைக்குப் போனது திரும்பி வராது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பேன், இப்போது யோசிப்பதே இல்லை. பார்த்ததும் கைக்குத் தெரிந்துவிடும். இருபது வருடத்தில் என் கை தப்புச் செய்ததில்லை என்று தீனதயாளன் புது ஆட்களிடம் பெருமையாகச் சொல்வார்.

3ஆம் தேதி நீ மயக்கத்தில் இருந்தாய். துணியில் சுற்றி எடுத்துவந்து, "பொம்பளப் புள்ளைங்க, பாத்துக்குங்க" என்று முகத்தையும் காலையும் திறந்து காட்டினார்கள். பார்த்தேன். சிவப்பாக, தோல் சுருங்கி, கால் என் விரல் தடிமன். ஒரு விநாடிதான். எனக்குள் கை ஓரத்துக் கூடைப் பக்கம் போய்விட்டது, செல்வி. வெளியே அசையவில்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் போய்விட்டது. இது தேறாது என்று என் மகளைப் பார்த்து நான் பிரித்துவிட்டேன். அந்த நர்ஸ் "அப்பா சாயலுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கையால் அவளை எப்படித் தொடுவது? மெஷினிலேயே இருக்கட்டும் என்று நான் கத்தியது அதற்காகத்தான். மெஷின் யாரையும் தரம் பிரிக்காது. திங்கட்கிழமை பட்டனில் கை வைத்தபோது மறுபடி அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, மறுபடி அந்த விநாடி வந்தால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். அதுதான் ஓடினேன்.

இதை எழுதாமலே இருந்திருக்கலாம். நீ கேட்டாய், பொய் சொல்ல மனம் வரவில்லை. நான் பாவி என்று நீ நினைத்தால் அது சரிதான்.

குருமூர்த்தி


மேல்மாடி வார்டு,
20.7.2024

மாமாவுக்கு,

மூன்று நாளாக நான் பதில் எழுதவில்லை. முதல் நாள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரோ அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. சிஸ்டர் "புள்ளைக்கு மூச்சு முட்டும், தளத்துங்க" என்றார். நீங்கள் என் பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

ஆனால் இப்போது எழுதுவது அதற்காக இல்லை. நேற்றுக் காலையிலிருந்து எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல். குளிர் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மேலே கொண்டுவந்து கையில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாலை மட்டும் பீய்ச்சிக் கீழே அனுப்புகிறேன். நடுங்குகிற கையில் குழந்தையைத் தரமாட்டார்கள், அது நியாயம்தான்.

நேற்றிலிருந்து அவள் மறுபடி மெஷினில் இருக்கிறாள். சூடெல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் இரண்டு தடவை மூச்சு விட மறந்துவிட்டாள். நேற்றெல்லாம் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. என் மேல் இருந்த ஒன்பது நாளில் ஒரு தடவைகூட அவள் மூச்சை நிறுத்தியதில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது அவளுக்கு ஞாபகப்படுத்துமாம், சிஸ்டர் சொன்னார். மெஷினுக்கு நெஞ்சு இல்லையே.

நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உங்களுக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. சரிதாவுக்குச் சளி, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்கள்தான்.

உங்கள் கை எங்கே போனது என்பதைப் பற்றி நாம் பிறகு பேசலாம். நான் எதையும் மன்னிக்கவில்லை. இப்போது எனக்கு ஒரு நெஞ்சு வேண்டும், அவ்வளவுதான். பனியன் துணியில் தைத்த பட்டை இரண்டாவது ஒன்று சரிதாவிடம் இருக்கிறது. உங்கள் அளவுக்கு, முப்பத்தெட்டு. நீங்கள் ஓடிப்போவதற்கு முந்தைய நாள் அளவு கொடுத்தது அது.

கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்புங்கள். சாதா சோப்பு.

தமிழ்ச்செல்வி


கங்காரு வார்டு,
21.7.2024, ஞாயிறு

செல்விக்கு,

நாற்காலிக் கையில் அட்டையை வைத்து எழுதுகிறேன். இடது கை அவள் முதுகில் இருக்கிறது. அதை எடுக்க முடியாது, அதனால் தாள் வழுக்கி வழுக்கி ஓடுகிறது.

நேற்று மாலை நாலு மணிக்கு ஆரம்பித்தேன். சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் தவிர எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "கண்ணத் தொறங்க, சாமி ஒண்ணும் கடிக்காது" என்றார். நெஞ்சில் வைத்ததும் முதலில் தெரிந்தது குளிர்ச்சி. பிறகு நகம். இவ்வளவு சின்ன விரலுக்கு நகம் இருக்கிறது, அது கீறுகிறது. நெஞ்சு முடியைப் பிடித்து இழுக்கிறாள், வலி உயிர் போகிறது. உன்னிடம் இந்த வசதி இல்லை.

மெதுவாகக் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தேன். தொப்பிதான் தெரிந்தது. இப்படி எட்டி அப்படி எட்டிப் பார்த்தேன், முகம் தெரியவே இல்லை. நெஞ்சில் வைத்துக் கட்டியபிறகு சுமக்கிறவனால் பார்க்க முடியாது, இது உனக்குத் தெரியுமா? நான் பார்த்தே பழகியவன். பார்க்க வழியில்லாத இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எடை தெரிகிறது, சூடு தெரிகிறது, மூச்சு தெரிகிறது, அவளை நல்லது கெட்டது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் கிருத்திகா என்று ஒரு பெண், இரட்டைக் குழந்தைக்காரி, "அண்ணா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஒன்று நடந்தது. பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. பாலாடைச் சங்கில் உன் பால் கொடுத்து முடித்து அரை மணி இருக்கும். அவள் மூச்சு என் மூச்சோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று என்னுடையது மட்டும் ஓடியது. அவள் காலில் மாட்டி நாடி பார்க்கும் விளக்கு மெஷின் கத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கை தானாக அவள் முதுகில் மேலும் கீழும் தேய்த்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. "சாமி, இழு சாமி" என்று மட்டும் சொன்னேனாம், கிருத்திகா சொன்னாள். மூன்றாவது தேய்ப்பில் ஒரு விக்கல், பிறகு மூச்சு. சிஸ்டர் ஓடிவந்து நிற்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. "கை நல்லா பழகிருச்சுங்களே" என்றார். நான் அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

என் நெஞ்சும் அளந்தாயிற்று. அவள் வந்ததும் சூடு ஏறுகிறது, உன் அளவுக்குச் சுருக்காக இல்லை. ஆனால் ஏறுகிறது. அரிசிக்கு ஏறாதது இவளுக்கு ஏறுகிறது. போர்டு எங்கே இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

காலை எடை 1,405. நீ உடம்பைப் பார்.

குருமூர்த்தி


மேல்மாடி வார்டு,
22.7.2024, பகல்

மாமாவுக்கு,

எனக்கு நேற்றிரவே காய்ச்சல் விட்டுவிட்டது. காலை பத்து மணிக்கு டாக்டர் பார்த்துவிட்டு, கீழே போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். தலையை வாரிக்கொண்டு ஓட்டமாக வந்தேன்.

திரை கொஞ்சம் விலகியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள், தூங்கவில்லை, உதடு அசைந்துகொண்டிருந்தது. மூச்சை எண்ணுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் முகம் உங்களுக்குத் தெரியாது அல்லவா, எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, என்மேல் ஒரு நாளும் தூங்காத தூக்கம் தூங்கினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது மாமா. உள்ளே வந்து அவளைப் பிடுங்கிக்கொள்ளக் கதவில் கை வைத்துவிட்டேன்.

வசந்தாமணி சிஸ்டர் வந்து, "உள்ள வாரீங்களா?" என்றார். "எனக்கு இன்னும் காச்சல் விடலைன்னு அவருகிட்டச் சொல்லிருங்க சிஸ்டர்" என்றேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அவர் உங்களிடம் சொன்னது பொய். சொல்லச் சொன்னது நான்.

உங்களுடைய பதினேழாம் தேதிக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் அதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அது என்னிடம் இருக்கவேண்டாம். எனக்கு என்னைத் தெரியும். நாளைக்கு ஒரு சண்டை வந்தால் அதை எடுத்து நீட்டிவிடுவேன். அவள் பெரியவளானபிறகு அவள் முன்னாலேயே நீட்டினாலும் நீட்டுவேன். அது நடக்கக்கூடாது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே வருவேன். அதுவரைக்கும் அவளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு நிமிடம் தரமாட்டேன்.

தமிழ்ச்செல்வி